கோச்சையும் விசாரித்த அக்கா

மெல்பர்ன் ஸ்பிரிங்வேலில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒருமுறை வாஷிங் மெஷின் வாங்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் கடைக்குப் போவார்கள். அக்கா, மெஷின் ரிப்பேர் செய்கிற வியட்நாம்காரர் ஒருவரைத் தேடிப் போனார். அடிக்கடி எந்தக் கம்பெனி மெஷினைத் திறக்கிறீர்கள், எந்தக் கம்பெனி மெஷினைப் பார்த்தே ரொம்ப நாளாகிறது என்று இரண்டே கேள்விகள். அவர் பார்த்தே ரொம்ப நாளான மெஷினை வாங்கிப் போட்டார். அது ஒரு நாள்கூட மக்கர் செய்யவில்லை. அதே சமயத்தில் நான் விளம்பரம் பார்த்து வாங்கிய பெரிய பெயர் மெஷின், மூன்றாம் வருடம் குலுங்கிக் குலுங்கி லாண்ட்ரியை விட்டு வெளியே நடந்து வந்து நின்றது.

அக்கா யாழ்ப்பாணம், நான் திருச்சி. அவர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகள் சிட்னியில் இருந்தாள். நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் குப்பை கொட்டுகிறவன். தொழில்முறையில் பார்த்தால் எதையும் சந்தேகப்பட வேண்டியது நான்தான். ஆனால் அந்தக் குணம் வேலிக்கு அந்தப் பக்கம் பிறந்திருந்தது. அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இதைப் படிக்கிற யாராவது அவரை விசாரிக்கக் கிளம்புவார்கள்.

நாங்கள் வீடு மாறி வந்த அன்று பெட்டிகளைக்கூடப் பிரிக்கவில்லை. சூடான உளுந்து வடைத் தட்டோடு வாசலில் நின்றார். என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வாயைத் திறந்தேன்.

"தெரியும் தம்பி. நீங்கள் திருச்சி. கொம்பியூட்டர் வேலை. போன வீட்டில நாலு வருசம் இருந்தனீங்கள். வாடகை ஒரு நாளும் பிந்தேல்லை. ஆனா புல்லு மட்டும் ஒழுங்கா வெட்டேல்லை."

"யாருக்கா சொன்னாங்க?"

"உங்கட பழைய வீட்டுக்கு முன் வீட்டில எங்கட ஆக்கள் இருக்கினம். ஒருக்கா விசாரிச்சனான். பக்கத்தில ஆர் வருகினம் எண்டு தெரியோணும் தானே."

கோபம் வர வேண்டிய இடம்தான். ஆனால் வடை நன்றாக இருந்தது. அந்த வாரமே புல் வெட்டினேன்.

பல் டாக்டரைத் தேர்ந்தெடுக்க அவர் கையாண்ட வழி இன்னும் வேடிக்கை. அப்பாயின்ட்மென்ட் எதுவும் வாங்காமல், காத்திருக்கும் அறையில் ஒரு பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தாராம். மூன்று டாக்டர்களிடம் அப்படி உட்கார்ந்துவிட்டு, நாலாவது இடத்தில்தான் பல்லைக் காட்டினார்.

கல்யாண விஷயங்களில் ஊரே அவரை நம்பியிருந்தது. அவர் தரகர் இல்லை, யாருக்கும் வரன் பார்த்துத் தரமாட்டார். பார்த்த வரனை விசாரித்துச் சொல்வார், அவ்வளவுதான். பக்கத்து சபர்பில் ஒரு மாப்பிள்ளை, பெரிய வங்கியில் பெரிய பதவி. பெண் வீட்டார் பதவியைக் கேட்டே பாதி மயங்கிவிட்டார்கள். அக்கா வங்கிப் பக்கமே போகவில்லை. அந்த மாப்பிள்ளையோடு முன்பு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த பையனைக் கண்டுபிடித்து, "சாப்பிட்ட கோப்பையளை ஆர் கழுவுறது?" என்று மட்டும் கேட்டார். இரண்டு வருடத்தில் அந்த மனிதர் சிங்க் எங்கே இருக்கிறது என்றே கண்டுபிடிக்கவில்லை என்றான் பையன். கல்யாணம் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் அதன்பிறகு கோவிலில் அக்காவைக் கண்டால் பிரகாரத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றினார்கள். அது அவருக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும். காட்டிக்கொள்ளமாட்டார்.

"பேரை விசாரிக்கக் கூடாது தம்பி," என்பார். "பேர் தன்னைப் பற்றி நல்லாத்தான் சொல்லும். உள்ளுக்க இருந்து வெளியில வந்த ஆளைப் பிடிச்சு விசாரிக்கோணும்."

இத்தனை பேரை விசாரித்தவர், தன் மகள் ஒரு கிரேக்கப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது என்ன செய்தார் தெரியுமா? அவன் பாட்டி போகிற சர்ச்சுக்கே போய்விட்டார். பாட்டிக்கு ஆங்கிலம் வராது, அக்காவுக்குக் கிரேக்கம் வராது. இரண்டு பேரும் ஒரு பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்து "நல்ல சனம்" என்றார். எப்படித் தெரியும் என்று மகள் கேட்டதற்கு, பேரனின் பெயரைச் சொன்னதும் கிழவி எழுந்து தன் பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள், அது போதும் என்றாராம்.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பெயர் போதும். உள்ளே என்ன இருந்தாலும் சரி. உலகப் பல்கலைக்கழகங்களின் தரவரிசையை எக்செலில் போட்டு வைத்திருந்தேன், ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பேன். கோவிலில் யார் வீட்டுப் பிள்ளையைப் பார்த்தாலும் "எந்த யூனி?" என்பேன். பதில் வந்ததும் அந்தப் பிள்ளையின் நெற்றியில் ஒரு எண் எனக்குத் தெரியும். என் மனைவி சுதா இதை ஒரு வியாதி என்றே சொல்வாள். என் மகன் அகிலன் பொது இடங்களில் என்னைவிட்டு நாலடி தள்ளி நடப்பான்.

அகிலனுக்கு ஒரு திறமை இருந்தது. பந்தை உதைப்பான். மெல்பர்ன் பிள்ளைகள் நடக்கப் பழகியதுமே முட்டை வடிவப் பந்தை உதைக்கத் தொடங்கிவிடுகிறார்கள், இவனும் அப்படித்தான். ஆனால் இவன் உதைத்தால் அது பூங்காவைத் தாண்டி அடுத்த தெருவில் யாருடைய ரோஜாச் செடியிலாவது போய் விழும். பன்னிரண்டாம் வகுப்பில் அவனுடைய பயிற்சியாளர் ஒருவர் அவன் உதைப்பதை வீடியோ எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். அங்கே கல்லூரி ஃபுட்பாலில், அணி முன்னேற முடியாமல் திணறும்போது, பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியைப் பின்னுக்குத் தள்ளுவதற்கென்றே ஒருவர் இருக்கிறார். பண்டர் என்று பெயர். ஓடி வந்து உதைத்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொள்ளலாம். அந்த வேலைக்கு மெல்பர்ன் பையன்கள் என்றால் அங்கே தனிக் கிராக்கி. முழுப் படிப்பும் இலவசம்.

இரண்டு கல்லூரிகள் கேட்டன. ஒன்று, பெயரைச் சொன்னாலே திருச்சியில் என் சித்தப்பா எழுந்து நிற்பார். என் எக்செலில் முதல் திரையிலேயே இருக்கும், கீழே உருட்ட வேண்டாம். அதை நான் பெரிய பேர் என்றே குறிப்பிடுகிறேன். மற்றது சோளக்காட்டுக்கு நடுவில் இருந்தது. ஸ்டேடியம் ஊரைவிடப் பெரியது. எக்செலில் அதைப் பார்க்க ரொம்ப நேரம் உருட்ட வேண்டியிருந்தது, ஒரு கட்டத்தில் நான் உருட்டுவதையே நிறுத்திவிட்டேன்.

அகிலனுக்கு சிவில் எஞ்சினியரிங் படிக்க வேண்டும். மண், பாலம், அணை இதெல்லாம் அவனுக்குப் பிடிக்கும். அதில் அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பந்து உதைப்பது நாலு வருடத்தில் முடிந்துவிடும், படிப்புதான் மிச்சம் என்பது பதினெட்டு வயதிலேயே அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் இன்னும் ஒருபடி மேலே போய் யோசித்தேன். பெரிய பேர் அணி வருடம் முழுக்கத் தோற்கிற அணி. தோற்கிற அணியில் பண்டருக்கு ஓயாத வேலை. சோளக்காட்டு அணி ஜெயித்துக்கொண்டே இருக்கும், அங்கே பண்டர் பெஞ்சில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆக எப்படிப் பார்த்தாலும் பெரிய பேர்தான். சுதாவிடம் இதை விளக்கியபோது அவள் தோசையைத் திருப்பிப் போட்டாளே தவிர என் பக்கம் திரும்பவில்லை.

டிசம்பரில் பெரிய பேர் கல்லூரியின் கோச் மெல்பர்ன் வந்தார், எங்கள் வீட்டுக்கும் வருவதாகச் சொன்னார். எங்களுக்கு இந்த மாதிரி விஷயத்தில் பழக்கம் இல்லை. வீட்டுக்கு ஒருவர் வந்து பிள்ளையைப் பார்த்து எடுத்துக்கொண்டு போகப் பேசுகிறார் என்றால், எங்களுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். சுதா கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் செய்தாள். நான் சோபா உறையை மாற்றினேன். அகிலனைச் சட்டை மாற்றச் சொல்லி, காபித் தட்டை அவன் கையில் கொடுத்தோம். "ஆர் யூ சீரியஸ்?" என்றான். பெரியவர்கள் யாராவது கூட இருக்க வேண்டுமே என்று சுதாதான் அக்காவைக் கூப்பிட்டாள். அவர் பட்டுச் சேலையில் வந்து, கோச்சுக்கு நேர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கோச் நல்ல உயரம், நல்ல பல். ஃபுட்பாலைப் பற்றி அதிகம் பேசவில்லை, பேசவும் அவரிடம் ஒன்றும் இல்லை. நூலகத்தைப் பற்றிப் பேசினார். பரிசு வாங்கிய பேராசிரியர்களைப் பற்றிப் பேசினார். இந்தப் பெயர் போட்ட பட்டம் கையில் இருந்தால் உலகத்தில் எந்தக் கதவும் திறக்கும் என்றார். எனக்கு அங்கேயே, அந்த நிமிடமே, தாம்பூலம் மாற்றிவிடலாம் போலிருந்தது.

அக்கா செருமினார். கோச்சைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார், "தம்பி, கேளுங்கோ. இவருக்கு முந்தி அங்க பந்தடிச்ச பெடியன் இப்ப எங்க?"

மொழிபெயர்த்தேன். அருமையான பையன், இங்கே பக்கத்தில் ஜீலோங்காரன், வேறு வாய்ப்புகளைத் தேடி ஊர் திரும்பிவிட்டான் என்றார் கோச்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குமேல் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை, ஆங்கிலத்திலேயே இறங்கினார். அவருடைய ஆங்கிலம் விசாரணைக்குப் போதுமானது. உங்கள் டீமில் எஞ்சினியரிங் படிக்கிற பையன்கள் எத்தனை பேர்?

எங்கள் எஞ்சினியரிங் துறை உலகப் புகழ் பெற்றது என்றார் கோச்.

அது தெரியும், டீமில் எத்தனை பேர் என்றார் அக்கா.

கோச் இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. வீடு தேடி வந்தவரை இப்படியா குடைவது? கிளம்பும்போது கோச் எங்கள் முடிவைக் கேட்டார். மார்கழி தொடங்கப் போகிறது, தை பிறக்கட்டும், சொல்கிறோம் என்றேன். நல்ல காரியத்துக்கு மார்கழியில் சம்மதம் சொல்லக் கூடாது என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? நாங்கள் வேறு கல்லூரியோடு பேரம் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, ஒரே வாரத்தில் மூன்று முறை போன் செய்தார். ஒவ்வொரு தடவையும் இன்னொரு பெரிய பேராசிரியரின் பெயரைச் சேர்த்துச் சொன்னார். நானோ ஒவ்வொன்றையும் கோவில் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தை பிறப்பதற்குள் என் மகன் அங்கே சேர்ந்து, படித்து, பட்டமே வாங்கிவிட்ட மாதிரி பலர் எனக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள்.

ஜனவரி முதல் வாரம், வெயில் கொளுத்துகிற ஒரு காலையில் அக்கா வாசலில் நின்றார். கையில் டப்பா.

"தம்பி, கார் எடுங்கோ. ஜீலோங்குக்குப் போட்டு வருவம்."

"எதுக்குக்கா?"

"அந்தப் பெடியன்ர தாய் இண்டைக்கு வீட்டில நிக்கிறா. சொல்லிப்போட்டன்."

ஆஸ்பத்திரியில் அக்காவோடு வெங்காயம் வெட்டிய ஒரு பெண்ணின் தங்கை ஜீலோங்கில் இருந்தாள். அவள் வழியாக வீடு பிடித்திருக்கிறார். பெண் கொடுப்பதற்கு முன் ஊருக்குப் போய் நாலு வீடு விசாரிப்பது எங்கள் பக்கத்திலும் உண்டுதான். ஆனால் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்கு வடையோடு போய் விசாரித்தவர்கள் நாங்களாகத்தான் இருக்கும்.

அந்த அம்மாள் தோட்டக் குழாயை அணைத்துவிட்டு எங்களை உள்ளே கூட்டிப் போனார். தேநீர் போட்டார். வடையைக் கடித்துப் பார்த்துவிட்டு இன்னொன்று எடுத்தார், அதன்பிறகு தடையே இல்லாமல் பேசினார். அவருடைய மகனும் எஞ்சினியரிங் படிக்கத்தான் போனான். முதல் வாரமே சொன்னார்களாம், லேப் எல்லாம் மத்தியானம், பயிற்சியும் மத்தியானம், இப்போதைக்கு வேறு ஒன்றை எடுத்துக்கொள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று. அந்தப் பிறகு வரவேயில்லை. டீமில் அநேகமாக எல்லாப் பையன்களும் ஒரே பாடத்தைத்தான் எடுத்தார்கள், பயிற்சி நேரத்துக்கு இடைஞ்சல் செய்யாத பாடம். இரண்டாம் வருடம் முடிந்ததும் பையன் பெட்டியோடு வந்துவிட்டான். இப்போது இங்கேயே முதல் வருடத்திலிருந்து எஞ்சினியரிங் படிக்கிறான், சந்தோஷமாக இருக்கிறான் என்றார். பெரிய பேர் மேல் அவருக்குக் கோபம்கூட இல்லை.

நான் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு கிழட்டு நாய், அந்தக் கல்லூரியின் ஸ்வெட்டரை விரித்து அதன்மேல் படுத்திருந்தது. நான் எக்செலில் தடித்த எழுத்தில் அடித்து வைத்திருந்த பெயர், அதன் வயிற்றுக்கு அடியிலிருந்து பாதி எட்டிப் பார்த்தது. நாய் கொட்டாவி விட்டது.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலையைப் பிடித்தேன். அக்கா டப்பாவை நீட்டினார், வேண்டாம் என்று தலையாட்டினேன். டப்பாவை மூடிக்கொண்டே பேசினார்.

"சோளக்காட்டுப் பக்கமும் விசாரிச்சனான் தம்பி. அங்க மண் பாடம் படிப்பிக்கிறவர் எங்கட ஊர். அவரின்ர மனுசியோட கதைச்சனான். டீமில இருந்து ரெண்டு பெடியள் அவரின்ர லேப்புக்கு வருகினமாம். ஒருத்தன் பயிற்சி உடுப்போடயே வாறானாம். சரியான வேர்வை மணமாம். ஆனா வாறான்."

அப்போதுதான் நான் வெடித்தேன். ஒரு பையனுக்கு நடந்தால் எல்லாருக்கும் நடக்குமா? ஊருக்கே சொல்லியாகிவிட்டது, இப்போது போய்ச் சோளக்காடு என்று எந்த முகத்தோடு சொல்வேன்? "உங்களுக்கு வேற வேலையே இல்லையாக்கா? அடுத்தவங்க வீட்டு விஷயத்துல தலையிடறதுதான் வேலையா? இது என் பையனோட வாழ்க்கை!"

"ஓம் தம்பி," என்றார். "அதுக்குத்தான் விசாரிச்சனான்."

வீட்டு வாசலில் இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அதன்பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. வடை வாசம் மட்டும் வேலி தாண்டி வந்தது, தட்டு வரவில்லை. சுதா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அகிலன் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "உங்களுக்கு அந்தப் பேர் வேணும்னா, நீங்க போய் கிக் பண்ணுங்கப்பா," என்றான். நான் சொன்னது தப்பு என்று அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் போய்ச் சொல்ல ரோஷம் விடவில்லை.

பொங்கல் முடிந்த வாரம், ஒரு காலையில் சோளக்காட்டு கோச் வீடியோவில் வந்தார். தொப்பி போட்ட, குண்டான, களைத்த மனிதர். மறுப்புச் சொல்லத் தயாராக நான் உட்கார்ந்திருந்தேன். அவர் எடுத்த எடுப்பில் ஃபுட்பாலைப் பேசவில்லை.

எங்கள் கல்லூரிப் பெயரைக் கேட்டதும் உங்களைப் போன்ற அப்பாக்கள் போனை வைத்துவிடுவார்கள், அது எனக்குப் பழக்கம் என்றார். நன்றாகப் படிக்கிற பையன்களைப் பெயர் பெற்ற கல்லூரிகளிடம் வருடா வருடம் இழக்கிறேன். எனக்குக் காட்டப் பெயர் இல்லை. அதனால் வேறு ஒன்றைச் சொல்கிறேன். செவ்வாயும் வியாழனும் மத்தியானம் சிவில் லேப். அந்த நாட்களில் உங்கள் பையன் பயிற்சிக்குத் தாமதமாக வரலாம்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டெஸ்டிங்காரன் மூளை அன்றைக்குத்தான் விழித்தது. "மேட்ச் வாரத்தில் லேப் வந்தால்?" என்று கேட்டேன். லேப்தான் என்றார். "எழுதித் தருவீர்களா?" என்றேன். கையெழுத்தோடு அன்றைக்கே அனுப்பினார். அகிலன் என் தோளுக்குப் பின்னால் நின்று அதை வாசித்தான். பிறகு வாழ்க்கையில் முதல் முறையாக என்னை ஒட்டி உட்கார்ந்தான்.

சம்மதம் சொன்னோம். கோவிலில் நான் புதுக் கதை சொன்னேன். பெயரில் என்ன இருக்கிறது, கேட்கிற கேள்வியைக் கேட்க வேண்டும், நான் நறுக்கென்று கேட்டேன், கோச் அசந்துவிட்டார். அக்காவிடமும் வேலி ஓரமாக, கீழே பார்த்துக்கொண்டு, அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு இந்தக் கதையையும் சொன்னேன், சற்று விரிவாகவே.

"கெட்டிக்காரன் தம்பி நீங்கள்," என்றார் அக்கா, கொடியில் துணி போட்டபடியே. "அப்பிடித்தான் கேக்கோணும்."

முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லை. மறுநாள் தட்டு வந்தது.

அகிலன் போன அடுத்த வருடம் அக்காவும் வீட்டை விற்றுவிட்டு சிட்னி பென்டில் ஹில்லில் மகளோடு இருக்கப் போனார். போன ஒரே மாதத்தில் அந்த வட்டாரத்து மளிகைக் கடைகளில் எந்தக் கடையில் எந்த நாளில் முருங்கைக்காய் இறங்கும் என்று எனக்கு மெல்பர்னுக்குப் போன் செய்து சொன்னார். எனக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எப்போதாவது பேசுவோம். அகிலன் சுகமா என்பார், சுகம் என்பேன். அவன் நாலாவது வருடத்தில் இருந்தபோது, ஒரு ஜனவரியில், தூக்கத்திலேயே போய்விட்டார். சிட்னிக்குப் போய் மூன்றாவது வரிசையில் நின்றேன். அந்தக் கிரேக்கப் பாட்டி முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விட சத்தமாக அழுதார். நல்ல அக்கா, கொஞ்சம் தலையிடுகிற அக்கா என்று நினைத்துக்கொண்டேன். அகிலனுக்கும் போனில் சொன்னேன்.

மே மாதம் பட்டமளிப்புக்கு நானும் சுதாவும் சோளக்காட்டுக்குப் போனோம். சோளம் அப்போதுதான் முழங்கால் உயரத்துக்கும் கீழே முளைத்திருந்தது. அகிலன் கறுப்பு அங்கியில் நண்பர்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தான். குண்டான அந்த கோச் தொப்பியோடு எங்களை நோக்கி வந்தார், கையைக் குலுக்கினார், பிறகு எங்கள் இருவருக்கும் பின்னால் யாரையோ தேடினார்.

"ஆன்ட்டி வரவில்லையா?" என்றார்.

எந்த ஆன்ட்டி என்றேன்.

"உங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. நாலு வருடத்துக்கு முன்னால், வீடியோவில் உங்களோடு பேசுவதற்கு ஒரு வாரம் முன்பு எனக்குப் போன் செய்தார். பையன் நல்லவன், குடும்பம் நல்ல குடும்பம், அப்பா மட்டும் பெயருக்கு மயங்குகிறவர், எடுத்ததும் லேப்பைப் பற்றிச் சொல்லு, மிச்சத்தை அவரே கேட்பார் என்றார். கேட்டால் எழுதிக் கொடு என்றார். தான் பேசியது உங்களுக்குத் தெரியக் கூடாது, அந்த மனிதர் தானே கேட்டதாக இருக்கட்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். படிப்பு முடியட்டும், பிறகு சொல்லலாம் என்றார். இன்றைக்கு முடிந்துவிட்டதே."

சுதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு வருடமாக நான் கோவிலில் சொல்லிக்கொண்டு திரிந்த கதை ஒவ்வொரு வரியாக ஞாபகம் வந்தது. கொடியில் துணி போட்டுக்கொண்டே அதை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த அந்த முகமும் ஞாபகம் வந்தது. இப்போது அந்த முகத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும் போலிருந்தது. போக இடம் இல்லை.

கோச் சிரித்துக்கொண்டே தொடர்ந்தார். "அதோடு விட்டாரா? ஒவ்வொரு செமஸ்டரும் போன் வரும். பையன் லேப்புக்கு ஒழுங்காகப் போகிறானா, எத்தனை நாள் விட்டான், ஏன் விட்டான்? என் டீனுக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை. போன் வருவதற்கு முன்னாலேயே அவனுடைய வருகைப் பதிவை எடுத்து வைத்துக்கொள்வேன். இந்த முறையும் எடுத்து வைத்தேன். போன்தான் வரவில்லை. நலமாக இருக்கிறார் இல்லையா?"

அதற்குப் பதிலாக, "லேப்புக்கு ஒழுங்காகப் போனானா?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு நாள்தான் விட்டான்," என்றார் கோச். "ஜனவரியில். ஊரில் ஒரு ஆன்ட்டி இறந்துவிட்டார் என்றான். நான் எந்த ஆன்ட்டி என்று விசாரிக்க…"

சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவர், பாதியில் நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார்.